நம் தீவுகளில் தாயும் சேயும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

ஆப்பிரிக்கக் காட்டு விலங்குகளையும் அவற்றின் குட்டிகளையும் பற்றிப் பேச வேண்டும் என்றே சங்கச் செயலாளர் முதலில் என்னைக் கேட்டுக்கொண்டார். நான் ஆப்பிரிக்கா சென்றவன் அல்லன். சென்று வந்தோர் சொன்னதை மீண்டும் ஒருமுறை என் வாயால் சொல்வதில் உங்களுக்கு என்ன பயன்? ஆகவே அவருடைய இசைவு பெற்றுத் தலைப்பை நம் தீவுகளுக்கே கொண்டுவந்துவிட்டேன். சிங்கக் குட்டிகளை எதிர்பார்த்து வந்த சிறுவர்கள் என்னைப் பொறுத்தருள வேண்டும்.

எனினும் ஆப்பிரிக்காவிலிருந்து ஒரே ஒரு காட்சியை மட்டும் கடன் வாங்கிக்கொள்கிறேன். தான்சானியா நாட்டிலுள்ள செரங்கெட்டிப் புல்வெளியின் தென்பகுதியில், பிப்ரவரித் திங்களை ஒட்டிய சில வாரங்களில், வில்டபீஸ்ட் என்னும் விலங்கு இலட்சக் கணக்கில் கன்று ஈனுகின்றது. மாட்டின் முகமும் மானின் காலும் கொண்டது அது. பிறந்த கன்று சில நிமிடங்களில் எழுந்து நிற்கும். சிறிது நேரத்தில் தாயோடு ஓடத் தொடங்கிவிடும். எல்லாத் தாய்களும் ஏன் ஒரே சமயத்தில் ஈனவேண்டும்? சிங்கமும் கழுதைப்புலியும் எவ்வளவுதான் உண்டாலும் அவற்றின் வயிற்றுக்கு ஓர் அளவு உண்டு. அந்த அளவுக்கு மேல் கன்றுகள் பிறந்துவிட்டால் மீதியுள்ளவை பிழைத்துக்கொள்ளும். பெருந்தொகையே அவற்றுக்குக் காவல். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நம் கடற்கரைக்கு வரும்போது இது பயன்படும்.

நம் அந்தமானில் புலி இல்லை, சிறுத்தை இல்லை, ஓநாயும் இல்லை. இங்கே திரியும் புள்ளிமான், வெள்ளையர் ஆட்சியில் கொண்டுவந்து விடப்பட்டது. யானையும் அவ்வாறே. மரம் இழுப்பதற்காகக் கொண்டுவரப்பட்ட ஏறத்தாழ 40 யானைகளை, தொழில் நொடித்துப்போன ஒரு மரக் கம்பெனி 1962-ஆம் ஆண்டில் இன்டர்வியூ தீவில் அப்படியே விட்டுச் சென்றது. அவை காட்டு யானைகளாயின; அங்கே ஈன்ற கன்றுகள் பாகனின் அங்குசத்தையோ சங்கிலியையோ அறியாமல் வளர்ந்தன. கேட்க இனிமையாக இருக்கிறது. ஆனால் யானையை அறியாத காட்டில் அவை மரப்பட்டைகளை உரித்துத் தின்ற கதையையும் வனத்துறையினர் சொல்வார்கள். குடியேறியவர்களாகிய நாம், குடியேற்றப்பட்ட அந்த யானைகளைப் பற்றி மிகுதியாகப் பேசுவது அவ்வளவு நாகரிகம் ஆகாது என்று கருதி மேலே செல்கிறேன்.

நம் தீவின் உண்மையான காட்டுத் தாய் கடலிலிருந்து வருகின்றாள். அவள்தான் ஆமை.

உலகில் கடலாமை 7 வகை. அவற்றுள் 4 வகை நம் தீவுகளில் முட்டையிடுகின்றன. நம் சோழமண்டலக் கரை மீனவர்கள் இவற்றுக்கு அழகான பெயர்களை இட்டிருக்கிறார்கள். பங்குனித் திங்களை ஒட்டிக் கரைக்கு வருவது பங்குனி ஆமை. அதனையே சிற்றாமை என்பாரும் உளர். பச்சை நிறக் கொழுப்புடையது பேராமை. கிளிமூக்குப் போன்ற வாயும் அழகிய ஓடும் உடையது அழுங்காமை. முதுகில் நீளவாக்கில் ஏழு வரிகள் ஓடுவது ஏழுவரி ஆமை; கவிழ்த்த தோணியைப் போல் தோன்றுவதால் தோணியாமை என்றும் சொல்வர். இந்த ஏழுவரி ஆமையே யாவற்றினும் பெரியது. மற்ற ஆமைகளுக்குள்ள கெட்டியான ஓடு இதற்கு இல்லை. தோல் போர்த்த முதுகு. அதன் முதுகு மட்டுமே 5 அடி நீளம் இருக்கும். எடை 500 கிலோவையும் எட்டும். இத்துணைப் பெரிய உடலை அது வளர்ப்பது எதனைத் தின்று தெரியுமா? நாம் குளிக்கும்போது உடலில் பட்டு அரிக்குமே, அந்தச் சொறி என்னும் இழுதுமீனைத் தின்று!

வட அந்தமானில் டிக்ளிப்பூருக்கு அருகே, சேடில் பீக் மலையின் அடிவாரத்தில் காளிப்பூர் என்னும் கடற்கரை இருக்கிறது. மேற்சொன்ன நால்வகை ஆமைகளும் வந்து முட்டையிடும் அரிய கரை அது. திசம்பர் முதல் பிப்ரவரி வரை அங்கே இரவில் காத்திருந்தால் தாயைக் காணும் பேறு கிட்டலாம். நான் ஒருமுறை கண்டேன். பங்குனி ஆமை அது. கடலில் கல்லொன்று அசைவதுபோல் முதலில் தோன்றியது. அலை விட்டுச் சென்றதும் சிறிது நேரம் அசையாமல் கிடந்தது. பிறகு துடுப்புக் கால்களால் மணலைத் தள்ளித் தள்ளி ஏறியது. நாலடி ஏறும், நின்று பெருமூச்சு விடும், மீண்டும் ஏறும். நீரில் எடையற்று மிதந்த உடல் நிலத்தில் தன் பாரத்தைத் தானே சுமக்கின்றது. அடும்பங்கொடி படர்ந்த மேட்டை அடைந்ததும் பின்கால்கள் இரண்டையும் மாற்றி மாற்றி உள்ளே விட்டு, கையால் அள்ளுவதுபோல் மணலை அள்ளி வெளியே வைத்தது. கண் பின்னால் இல்லை. குழியை அது பார்ப்பதே இல்லை. ஆயினும் குயவன் வனைந்த குடம்போல் வாய் குறுகி அடி அகன்ற குழி ஒன்று உருவாகிவிட்டது. அதில் 100-க்கும் மேற்பட்ட முட்டைகளை இட்டது. மூடி, தன் மார்பால் மணலைத் தொப்புத் தொப்பென்று இடித்துக் கெட்டிப்படுத்தியது. பிறகு திரும்பிப் பாராமல் கடலுக்குச் சென்றுவிட்டது. அதன் கண்களிலிருந்து நீர் வழிந்தது. உடன் வந்த அம்மையார் ஒருவர், "பிள்ளைகளைப் பிரிகிறதே என்று அழுகிறது" என்று தாமும் கண் கலங்கினார்கள். உடம்பில் மிகுந்த உப்பைக் கண்வழியே வெளியேற்றுவதே அந்தக் கண்ணீரின் காரணம். அந்த நேரத்தில் அதை அவரிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை, இப்போது சொல்லிவிட்டேன்.

நம் முன்னோர் இக்காட்சியை அறிந்தவர்களே. குமுழிஞாழலார் நப்பசலையார் பாடிய அகநானூற்று 160-ஆம் பாட்டில், சூல் கொண்ட ஆமை அடும்பு படர்ந்த மணல்மேட்டில் முட்டைகளைப் புதைக்கும் செய்தி வருகிறது. முட்டையின் உருவத்துக்குத் தந்தத்தால் செய்த வட்டுக்காயை உவமை கூறுகிறார் புலவர். உருண்டை வடிவமும் வெண்மையும் அந்த ஓர் உவமையில் அடங்கிவிட்டன. கொடியின் பெயர்கூட இன்றும் பொருந்துகிறது. ஆனால் குஞ்சு வெளிவரும் வரையில் ஆண் ஆமை முட்டைகளைக் காத்து நிற்கும் என்றும் அப்பாட்டுச் சொல்கிறது. அது உண்மையன்று. குஞ்சாகக் கடல் புகுந்த ஆண் ஆமை பிறகு பொதுவாகக் கரையேறுவதே இல்லை. பிற்காலத்துச் சைவ நூல்களிலோ, மீன் பார்வையாலும் பறவை தொடுதலாலும் ஆமை நினைவாலும் தத்தம் முட்டைகளைப் பொரிக்கச் செய்யும் என்ற உவமை வழங்கிற்று. கடலுள் எங்கோ இருந்துகொண்டு தாய் நினைத்துக்கொண்டே இருப்பாள் என்பது கருத்து. தாய் விட்டுச் சென்றாள் என்பதை நம் தமிழ் உள்ளம் ஏற்கவே இல்லை! ஒரு காவலனையோ ஒரு நினைவையோ அங்கே நிறுத்தி வைத்தால்தான் அதற்கு அமைதி.

அன்பர்களே, யாரும் அங்கே நிற்கவில்லை. தாய் தன் மக்களை ஒப்படைத்துச் சென்றது மணலிடம். அந்த மணலே அடைகாக்கின்றது. வெயில் தந்த சூடே அதன் சிறகு. ஆணா பெண்ணா என்பதைத் தீர்மானிப்பதும் மணலின் சூடே. குளிர்ந்த மணலில் ஆண் குஞ்சுகள் மிகுதி. சூடேறிய மணலில் பெண் குஞ்சுகள் மிகுதி. உலகம் வெப்பமாகி வரும் இந்நாளில், பல கரைகளில் ஆண் குஞ்சு அருகிவிடுமோ என்று விஞ்ஞானிகள் கவலைப்படுவதற்கு இதுவே காரணம்.

45 முதல் 60 நாள் கழித்து ஓட்டை உடைத்துக்கொண்டு குஞ்சுகள் கிளம்புகின்றன. ஒரு குஞ்சு தனியே மேலே வர இயலாது. எல்லாம் சேர்ந்து நெளிய, மேலிருக்கும் மணல் சரிந்து கீழே விழ, அதன்மேல் ஏறி ஏறி இரண்டு மூன்று நாள்களில் மேலே வருகின்றன. மணல் குளிர்ந்ததும் இரவு வந்துவிட்டதென்று அறிந்து ஒருசேர வெளிப்படுகின்றன. உள்ளங்கையில் அடங்கும் உருவம். பிறந்த நொடியில் அதற்கு ஒன்றே ஒன்று தெரியும். இருண்ட பக்கம் காடு, வெளிச்சமான பக்கம் கடல். வானின் ஒளி விழும் அந்தத் திறந்த பக்கத்தை நோக்கி ஓட வேண்டும். நண்டு பிடிக்கும், நாய் பிடிக்கும், விடிந்துவிட்டால் பருந்து பிடிக்கும், நீரில் இறங்கினால் மீன் பிடிக்கும். வயிற்றில் எஞ்சியிருக்கும் மஞ்சட்கருவே முதல் சில நாள்களுக்குக் கட்டுச்சோறு. செரங்கெட்டிக் கன்றுகளைப் போலவே இங்கும் பெருந்தொகையே காவல். ஆயிரத்தில் ஒன்று வளர்ந்து ஆளானால் பெரிது என்பார்கள்.

இந்தக் கணக்கில் நண்டும் மீனும் தொன்றுதொட்டுச் சேர்க்கப்பட்டிருக்கின்றன. நாம் சேர்க்கப்படவில்லை. நம் தெருவிளக்கும் விடுதி விளக்கும் சேர்க்கப்படவில்லை. கரையோரத்து விடுதி ஒன்றின் வாசலில், பெயர் வேண்டா, காலையில் பெருக்குமாற்றால் குஞ்சுகளை வாரி ஒதுக்கியதை நான் கண்டிருக்கிறேன். மின்விளக்கைக் கடலென்று நம்பி, இரவெல்லாம் கடலுக்கு எதிர்த்திசையில் ஓடி வந்தவை அவை. நாயும் அவ்வாறே. இத்தீவுகளில் நாய் இல்லாதிருந்தது. நம்போன்று குடியேறியோர் கொண்டுவந்தது. மோப்பம் பிடித்துக் குழியைத் தோண்டும் நாய், ஓர் இரவில் ஒரு தாயின் முட்டை முழுவதையும் தீர்த்துவிடும்.

மணலைப் பற்றியும் சொல்ல வேண்டும். சொல்லும்போது இந்த அவையில் வீடு கட்டியோர் யாரும் வருந்தக்கூடாது. அந்தமானில் வீடு கட்ட மணல் எங்கிருந்து வந்தது? ஆற்றுமணல் நமக்கு ஏது? கடற்கரையை அள்ளித்தான் சுவர் எழுப்பினோம். கரை குறைந்தது, தாய் ஏறிவந்து பார்த்தால் குழி தோண்ட மணல் இல்லை. சேகர் சிங் குழுவின் அறிக்கையின் மேல் 2002-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் இட்ட ஆணையில், மரம் வெட்டுவதைக் கட்டுப்படுத்தியதோடு, மணல் அள்ளுவதைப் படிப்படியாகக் குறைக்கவும் சொல்லியிருந்தது. செலவு ஏறிவிட்டதென்று நம்மில் பலர் அன்று முணுமுணுத்தோம். அந்த முணுமுணுப்பில் நியாயமும் உண்டு. கூலிவேலை செய்வோனுக்கு ஒரு மூட்டை சிமெண்டே பெரும்பாரம். ஆனால் நம் வீட்டுச் சுவருக்குள் எத்தனை தொட்டில்கள் புதைந்திருக்கின்றன என்பதும் நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

தாயகத்திலும் நிலை இதுவே. சென்னைக் கடற்கரையில் 1970-களில் சில இளைஞர்கள் இரவில் நடந்து முட்டைகளைத் தேடிக் காக்கும் பழக்கத்தைத் தொடங்கினார்கள். 1988 முதல் மாணவர்கள் அதனை ஓர் அமைப்பாகவே நடத்தி, நீலாங்கரைக்கும் பெசன்ட் நகருக்கும் இடையே பருவந்தோறும் நடக்கிறார்கள். எடுத்த முட்டையைச் சில மணி நேரத்துக்குள் பொரிப்பகத்தில் புதைத்துவிட வேண்டும். காலந்தாழ்த்திப் புரட்டினால் உள்ளிருக்கும் கரு மாண்டுவிடும். அவர்கள் இத்துணைப் பாடுபட்டும், 2025 சனவரியில் அதே கரையில் நூற்றுக்கணக்கான பங்குனி ஆமைகள் செத்து ஒதுங்கின. இழுவை வலையில் சிக்கிய ஆமை மூச்சு வாங்க மேலே வர இயலாமல் மூழ்கி இறக்கிறது. முட்டையிட வந்த தாய்களின் கதி அது.

ஆமை இவ்வாறு என்றால், மற்றத் தாய்கள் என்ன செய்கின்றன?

நிக்கோபாரில் மெகபோடு என்னும் பறவை இருக்கிறது. மேட்டுக்கோழி என்று நாம் அழைக்கலாம். சேவலும் பெட்டையும் காலால் மணலையும் சருகையும் வாரி ஆளுயர மேடுகூடக் கட்டும். அதற்குள் முட்டையைப் புதைக்கும். சருகு மட்கும் சூட்டில் முட்டை பொரியும். குஞ்சு தானே தோண்டிக்கொண்டு வெளியே வந்து, தாய் தந்தை யாரென்று கேளாமல் காட்டுக்குள் போய்விடும். கோவை ஆனைகட்டியிலுள்ள சாலிம் அலி ஆய்வு மையத்திலிருந்து வந்த ரவி சங்கரன் 1990-களில் தீவு தீவாகச் சென்று இந்த மேடுகளை எண்ணினார். மேடுகள் பெரும்பாலும் கடலை ஒட்டியே இருந்தன. 2004 திசம்பர் 26 அன்று அந்தக் கடல் எழுந்தது. பின்பு எண்ணிப் பார்த்தபோது, முன்பிருந்த பறவைகளில் 100-க்கு 70 வீதம் அழிந்துவிட்டதாக அறிந்தார்கள்.

இதற்கு நேர் எதிரானவள் நம் ஓடைகளில் வாழும் உவர்நீர் முதலை. மழைக்காலத்தில் இலைதழைகளைக் குவித்து முட்டையிட்டு, மூன்று மாத காலம் உடனிருந்து காக்கின்றாள். முட்டைக்குள்ளிருந்து குஞ்சு குரல் கொடுத்ததும் குவியலைக் கலைத்து, எருமையின் எலும்பை நொறுக்கும் அதே வாயில் குஞ்சை மெல்ல ஏந்தி நீருக்குக் கொண்டுசெல்கின்றாள். முட்டையைக்கூட நாவுக்கும் அண்ணத்துக்கும் இடையே உருட்டி மெதுவாக உடைத்துக் குஞ்சை விடுவிப்பதுண்டு. இந்தக் காட்சியை நேரில் காண யாரும் ஆசைப்பட வேண்டா. இதை நான் அழுத்திச் சொல்கிறேன். வண்டூர்ப் பக்கத்து ஓடைகளில் கால் நனைக்கும் சிறுவர்கள் காதில் விழட்டும்.

நார்க்கொண்டம் என்ற தீவு, 7 சதுர கிலோமீட்டருக்கும் குறைவு. உலகில் வேறெங்கும் இல்லாத இருவாச்சிப் பறவை ஒன்று அங்கே வாழ்கிறது. ஆனைமலையிலுள்ள இருவாச்சிக்கு உறவு. பெட்டை மரப்பொந்தினுள் புகுந்து வாயிலை அடைத்துக்கொள்ளும். அலகு நுழையும் இடுக்கு மட்டும் இருக்கும். அதன் வழியே சேவல் ஆலம்பழமும் அத்திப்பழமும் ஊட்டும். சேவல் வாராவிடில் வீட்டில் அடுப்பெரியாது. அத்தீவில் ரேடார் நிலையம் அமைக்கக் கேட்டபோது மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் 2012-இல் மறுத்துவிட்டது.

நம் தீவுகளின் மாநில விலங்கான கடற்பசுவோ, மனிதத் தாயைப் போன்றவள். ஓராண்டுக்கு மேல் சுமந்து, ஒரே கன்றை ஈன்று, ஒன்றரை ஆண்டு பாலூட்டுவாள். அடுத்த கன்றுக்கு மூன்று முதல் ஏழு ஆண்டு ஆகும். முன்துடுப்பின் கக்கத்தில் முலை. கன்று அருகிலேயே நீந்தும். நீருக்கடியில் வளரும் புல்லே உணவு. நம் இராமநாதபுரத்து மீனவர் அவளை ஆவுளியா என்பார்கள். பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பைக் கடற்பசுவுக்கெனத் தமிழக அரசு 2022-இல் ஒதுக்கியது. பங்குனி ஆமை ஓர் இரவில் இடும் நூறு முட்டை எங்கே, இவளுடைய ஒரு கன்று எங்கே! ஒரு படகின் விசிறி ஒரு கடற்பசுவை அடித்தால், அந்தக் குடும்பத்தில் பத்தாண்டுக் கணக்குக் குலைந்துவிடும்.

மீண்டும் ஏழுவரி ஆமையிடம் வருகிறேன். நம் நாட்டில் அது இன்று தொடர்ந்து முட்டையிடும் இடம் அந்தமான் நிக்கோபார்த் தீவுகளே. அந்தச் செய்தியை நமக்குத் தந்தவர்களுள் முதல்வர் சதீஷ் பாஸ்கர். 1946-இல் கேரளத்தில் பிறந்தவர், சென்னை ஐ.ஐ.டி.யில் பொறியியல் படிக்க வந்து, படிப்பை விட்டுவிட்டுச் சென்னைப் பாம்புப் பண்ணையில் சேர்ந்தவர். 1970-களின் இறுதியிலிருந்து நம் தீவுகளின் கரைகளை ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் நடந்தே அளந்தார். ஆளில்லாத் தீவில் அரிசியோடு இறக்கிவிட்டுப் படகு திரும்பிவிடும். மாதக் கணக்கில் தனியே இருந்து அழுங்காமைகளை எண்ணுவார். ஒருமுறை, 1982-இல், இலட்சத்தீவின் ஒரு தனித்தீவிலிருந்து மனைவிக்குக் கடிதம் எழுதிப் புட்டியில் அடைத்துக் கடலில் எறிந்தார். அது இலங்கைக் கரையில் ஒதுங்கி, எடுத்த மீனவர் அஞ்சலில் அனுப்ப, சென்னையிலிருந்த அந்த அம்மையார் கைக்கே வந்து சேர்ந்தது! பெரிய நிக்கோபாரில் கலாத்தியா விரிகுடாவின் கரை எத்துணைச் சிறந்தது என்பதை அவருடைய ஆய்வுகளே உலகுக்குக் காட்டின. 2023-இல் அவர் மறைந்தார்.

2004-இன் ஆழிப்பேரலையில் நாம் இழந்தோரை இங்கே எண்ணிக் காட்ட வேண்டியதில்லை. கச்சால் ரப்பர்த் தோட்டத்தில் குடியமர்ந்த இலங்கை மலையகத் தமிழரின் உறவினர் இந்த அவையிலேயே இருக்கக்கூடும். அன்று பெரிய நிக்கோபாரின் தென்முனை பல அடி தாழ்ந்தது. இந்திரா முனைக் கலங்கரை விளக்கத்தின் அடியில் கடல் வந்து நின்றது. கலாத்தியாவின் மணற்கரை கரைந்துபோனது. பிறகு நடந்ததுதான் வியப்பு. சில ஆண்டுகளில் கடலே புதுமணலைக் கொண்டுவந்து கொட்டியது. ஏழுவரி ஆமைகள் மீண்டும் ஏறி வந்தன. கடல் எடுத்ததைக் கடல் திருப்பித் தந்தது.

கான்கிரீட் எடுத்ததை யார் திருப்பித் தருவார்? கலாத்தியா விரிகுடா விலங்குச் சரணாலயம் என்ற காப்பை, தேசிய வனவிலங்கு வாரியத்தின் நிலைக்குழு 2021 சனவரித் தொடக்கத்தில் நீக்கியது. சரக்குக் கப்பல்கள் மாற்றி ஏற்றும் துறைமுகம் அமைப்பதற்காக அது. அதே திங்களில் வெளியான தேசியக் கடலாமைச் செயல்திட்டம், கலாத்தியாவை நாட்டின் முக்கியமான ஆமைக் கரைகளுள் ஒன்றாகக் குறித்திருக்கிறது! 2022 நவம்பரில் திட்டத்துக்குச் சுற்றுச்சூழல் அனுமதி கிடைத்தது. ஈடாகச் சிறிய நிக்கோபாரில் ஏழுவரி ஆமைக்கும் மென்சல் தீவில் மேட்டுக்கோழிக்கும் சரணாலயங்கள் அறிவிக்கப்பட்டன. துறைமுகம் வந்தால் வேலை வரும், கப்பல் வரும், பெரிய மருத்துவமனை வரும் என்று நம் மக்கள் எதிர்பார்ப்பதை நான் குறை கூற மாட்டேன். கடுநோய் வந்தால் சென்னைக்கு விமானச் சீட்டுத் தேடி அலையும் துன்பம் நமக்கல்லவா தெரியும்! ஆயினும் என் கருத்தைச் சொல்லத்தான் வேண்டும். அந்த விரிகுடாவைத் தவிர வேறிடம் பார்த்திருக்கலாம். அரசிதழில் அறிவித்த புதுச் சரணாலயத்தை ஆமை படிக்கப் போவதில்லை. தான் பிறந்த கரையின் பக்கத்தை நாடியே அது வரும்.

அது எங்கிருந்து வருகிறது என்பதும் இப்போது தெரிந்திருக்கிறது. 2011 முதல் 2014 வரை, சிறிய அந்தமானில் முட்டையிட வந்த பத்து ஏழுவரி ஆமைகளின் முதுகில் ஆய்வாளர்கள் கருவி பொருத்தி, செயற்கைக்கோள் வழியே அவற்றைத் தொடர்ந்தார்கள். சில, சுமத்திராவைத் தாண்டி ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரைப் பக்கம் சென்றன. மற்றும் சில, தென்மேற்கே திரும்பி இந்துமாக் கடலையே குறுக்காகக் கடந்தன. அவற்றுள் ஒன்று ஒன்பது மாதத்துக்குள் 13,000 கிலோமீட்டருக்கு மேல் நீந்தி மொசாம்பிக் பக்கம் போயிற்று. ஆப்பிரிக்காவைப் பற்றிப் பேசவில்லையே என்று செயலாளர் இனி என்மேல் வருந்த முடியாது.

வரும் தைத் திங்களில் நம் சங்கக் குடும்பங்கள் சில காளிப்பூர் செல்ல எண்ணியிருப்பதாக அறிகிறேன். நெடுஞ்சாலை வழியே செல்வோர்க்கு ஒரு சொல். அச்சாலை ஜாரவா மக்களின் காட்டை ஊடுருவிச் செல்கிறது. அவர்களை விலங்குபோல் வேடிக்கை பார்க்கச் சென்ற பயணிகளின் காட்சிகள் 2012-இல் வெளியாகி உலகமே நம்மைப் பழித்தது. வண்டி நிற்கக்கூடாது, ஜன்னல் வழியே எட்டிப் பார்க்கவும் கூடாது, படம் எடுப்பது சட்டப்படி குற்றம். கப்பலில் செல்ல முடிந்தவர்கள் கப்பலில் செல்லுங்கள்.

கரையில் வனத்துறைக் காவலர் சொன்னபடி கேளுங்கள். டார்ச் விளக்கு வேண்டா. கைப்பேசியை அணைத்துப் பையில் வையுங்கள். தாய் குழி தோண்டி முட்டையிடத் தொடங்கும் வரை நெருங்கக் கூடாது. வெளிச்சமோ ஆளரவமோ கண்டால் முட்டையிடாமலே திரும்பிவிடும். நெருங்கினாலும் பின்புறமாக அமருங்கள். பொரிப்பகத்தில் குஞ்சு விடும் மாலையில், அதைக் கையிலெடுத்துத் தண்ணீரில் போட்டு உதவலாம் என்று குழந்தைகள் துடிப்பார்கள். அந்த மணலைத் தானே கடந்துதான் அது போக வேண்டும், விட்டுவிடுங்கள். போர்வை ஒன்று எடுத்துச் செல்லுங்கள். நள்ளிரவுக்கு மேல் பனி இறங்கும். விடியும் வரை ஒன்றுமே வாராமலும் போகலாம். அப்படி வந்து திரும்பியவர்களுள் நானும் இரண்டு முறை உண்டு. மூன்றாம் முறைதான் கண்டேன்.